குப்பைக் கிடங்கு லோரெட்

டன்னிங் மில்ஸ் ஊரில் குப்பை அள்ள யாரும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அவரவர் குப்பையை அவரவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போக வேண்டும். தேவாலயத்துக்குப் போகாதவர் அந்த ஊரில் உண்டு. மதுக்கடைக்குப் போகாதவரும் உண்டு. குப்பைக் கிடங்குக்குப் போகாதவர் கிடையாது. ஓட்டுக் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தேர்தல் ஆண்டு வந்துவிட்டால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடக்கு மலைப் பகுதி முழுவதும் சனிக்கிழமைகளில் கிடங்கு வாசலில் யாராவது ஒரு வேட்பாளர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

மற்ற ஊர்களில் அப்படி நின்றால் போதும். டன்னிங் மில்ஸில் போதாது. அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் லோரெட் திபடோ. அவர் கொட்டகைக் கதவில் ஆணியடித்து ஒரு ஜோடி பச்சை ரப்பர் கையுறையைத் தொங்கவிட்டிருந்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எவராக இருந்தாலும் முதலில் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். வருகிற வண்டிகளிலிருந்து மூட்டைகளை இறக்கி, கண்ணாடியை ஒரு தொட்டியில், தகரத்தை ஒரு தொட்டியில், அட்டையை ஒரு தொட்டியில் போட வேண்டும். கொஞ்ச நேரம் அந்த வேலையைச் செய்த பிறகு கையுறையைக் கழற்றி, யார் கையை வேண்டுமானாலும் குலுக்கலாம்.

"குலுக்குற கை வேற என்ன செய்யும்னு ஊரு பாக்க வேண்டாமா?" என்பார் லோரெட்.

அமெரிக்க அதிபராக ஆசைப்பட்ட ஒருவர்கூட அங்கே வீட்டுப் பூனை கழித்த ஈரமணல் மூட்டையைச் சுமந்திருக்கிறார். மூட்டை பாதி வழியில் பிய்ந்துகொண்டது. அவர் அதிபர் ஆகவில்லை. ஆனால் டன்னிங் மில்ஸில் அவருக்குத்தான் அதிக ஓட்டு.

லோரெட் பிறந்ததும் வளர்ந்ததும் அதே ஊரில். கனடாவின் கியூபெக்கிலிருந்து எல்லை தாண்டி வந்து காகித ஆலையில் மாடாக உழைத்த குடும்பம். வீட்டில் பிரெஞ்சு, தெருவில் ஆங்கிலம், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எந்த மொழியிலும் வாய் திறக்கக் கூடாது. நோயும் வறுமையும் கடவுள் வைக்கும் பரீட்சை என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். "பரீட்சை வெக்கிறவரு ஏன் எங்க தெருவுக்கு மட்டும் அடிக்கடி வர்றாரு, ஆலை முதலாளி தெருவுக்கு ஏன் போறதே இல்ல?" என்று பத்து வயதில் கேட்டதற்கு முட்டி போட வைத்தார்கள். கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை அந்தப் பள்ளி பதில் சொல்லவில்லை. பள்ளியையே மூடிவிட்டார்கள்.

பிறகு லோரெட்டும் ஆலைக்குப் போனார். கழிவுக் காகிதம் பிரிக்கும் பகுதியில் வேலை. ஆலை மூடப்பட்டபோது ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. "பிரிக்கற வேலைதானே, அது எங்க இருந்தா என்ன?" என்று கேட்டு, குப்பைக் கிடங்கு வேலையை வாங்கிக்கொண்டார். கணவர் அதற்கு முன்பே இறந்திருந்தார். வீட்டில் இருந்தது அவரும் தம்பி ரேயாலும்.

ரேயாலும் ஆலைத் தொழிலாளிதான். ஆலை அவனுக்குக் கொடுத்த ஓய்வூதியம் சொற்பம். ஐம்பது வயதைத் தாண்டியபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன், சனி. மருத்துவமனை கணவாய்க்கு அந்தப் பக்கம், மலைப் பாதையில் ஒரு மணி நேரம். ரேயாலைப் போல அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் சில நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு வேன் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வேன், பக்கவாட்டில் துரு. அதை ஓட்டியவர் ரேடியோவில் பழைய நாட்டுப்புறப் பாட்டைச் சத்தமாக வைப்பார் என்பதைத் தவிர யாருக்கும் அதில் குறை இல்லை. செலவு அரசாங்கத்துடையது.

அரசாங்கம் என்றால் இங்கே ஆளுநர் மட்டும் இல்லை. மாநிலத்தை ஐந்து மாவட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு ஒரு கவுன்சிலரைத் தலைநகருக்கு அனுப்பும். அந்த ஐவரும் சேர்ந்தது நிர்வாகக் குழு. நீதிபதியை நியமிப்பதானாலும், பாலம் கட்டுவதானாலும், ஒரு வேனுக்கு டீசல் போடுவதானாலும், ஐவரில் மூவர் சம்மதித்தால்தான் ஆளுநரின் பேனா நகரும். இங்கிலாந்து மன்னரிடம் பட்டுத் தெளிந்தவர்கள் அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராஜாவைக் கட்டிப்போடத் திரித்த கயிறு சில நேரம் ஏழையின் கழுத்திலும் மாட்டிக்கொள்கிறது.

வடக்கு மாவட்டத்தின் கவுன்சிலர் பிரெஸ்காட் ஏவரில். ஓய்வுபெற்ற காப்பீட்டு நிறுவன அதிகாரி. மாவட்டத்தின் தலை கனடா எல்லையில் இருந்தாலும் வால் தெற்கே ஏரிக்கரை மாளிகைகள் வரை நீண்டிருந்தது. ஏவரில் வாலில் குடியிருந்தார். நாகரிகமான மனிதர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை, லஞ்சம் வாங்கியதில்லை, ஞாயிறு வழிபாட்டைத் தவறவிட்டதில்லை. கெட்டவர்கள் செய்யும் அநியாயத்தைத் தடுப்பது எளிது. நல்லவர் ஒருவர் கொள்கைக்காகச் செய்யும் அநியாயம்தான் நீண்ட நாள் நிற்கும்.

டிசம்பரில் வேன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் குழுவின் முன் வந்தது. ஏவரில் எழுந்தார். அண்டை வீட்டாருக்கு அண்டை வீட்டார் உதவுவதுதான் மலைநாட்டின் பெருமை என்றார். அந்தப் பெருமையை அரசாங்கம் விலைக்கு வாங்கக் கூடாது என்றார். தீர்மானத்தைத் தள்ளி வைக்கக் கோரினார். அவர் மாவட்டத்து விஷயம், அவருக்குத் தெரியாததா என்று மற்ற நால்வரும் விட்டுக்கொடுத்தார்கள். தள்ளி வைத்தது தள்ளியே கிடந்தது. ஜனவரியில் வேன் நின்றது.

அண்டை வீட்டார் உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உதவினார்கள். ஆனால் இரக்கத்துக்குக் காய்ச்சல் வரும். இரக்கத்தின் வண்டி பனியில் சறுக்கும். இரக்கத்துக்கு ஒரு நாள் மகளின் கல்யாணம், இன்னொரு நாள் முதலாளியின் திட்டு. சிறுநீரகத்துக்கு இதெல்லாம் தெரியாது.

ரேயாலை லோரெட் தானே ஓட்டிக்கொண்டு போனார். அவனோடு அதே வேனில் டயாலிசிஸுக்குப் போய்வந்த எட்வினா ஸ்டிக்னிக்கு அப்படி ஆள் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டு ஓய்ந்தவர் அவர். மகன் வேட் மரம் வெட்டப் போனால் வாரக் கணக்கில் காட்டிலேயே இருப்பான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கெஞ்ச எட்வினாவுக்கு நாக்கு எழவில்லை. பனிப்புயல் வாரத்தில் அவர் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. மார்ச்சில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் அவித்த பீன்ஸும் பன்றித்தொடைக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போதகர், "கடவுள் எட்வினாவைக் கூப்பிட்டுக்கொண்டார்" என்றார்.

லோரெட் தட்டை மேசையில் வைத்தார்.

"கடவுள் கூப்பிடல, ஐயா. வேன் வரல."

வேட் ஸ்டிக்னி தலை நிமிர்ந்து பார்த்தான். அவன் அன்றைக்கு முதல் முறையாக அழுதது அப்போதுதான்.

சனிக்கிழமைகளில் ரேயாலைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் கிடங்கு திறக்கும் நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். பூட்டிய கதவின் முன் வண்டிகள் வரிசையில் நின்றன. முதலில் முணுமுணுத்தார்கள். "ஏன் லேட்டு?" என்று கேட்கக் கேட்க லோரெட் ஒரே பதிலைச் சொன்னார்: "தம்பிய ஆஸ்பத்திரில விட்டுட்டு வரேன். ஏன் நான் விடறேன்னு ஏவரில கேளுங்க." பிறகு முணுமுணுப்பு வேறு பக்கம் திரும்பியது. குப்பையைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனிதர்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். வசந்தம் முடிவதற்குள், நிர்வாகக் குழு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் முப்பது வருடம் ஓட்டுப் போட்டவர்கள்கூட, அது என்ன செய்யும், எந்தக் கிழமை கூடும் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஜூலை மாதம் ஏவரிலே வந்தார். வெளிர்நீலச் சட்டை, துடைத்து வைத்த காலணி. வரிசையில் நின்றவர்களை நோக்கிக் கையை நீட்டினார்.

"கவுன்சிலர், முதல்ல இது." லோரெட் ஆணியிலிருந்து கையுறையை எடுத்து நீட்டினார்.

ஏவரில் சிரித்தார். "கேள்விப்பட்டிருக்கேன். அடுத்த தடவை கண்டிப்பா போட்டுக்கறேன், அம்மா. இன்னிக்கு இன்னும் நாலு ஊர் போகணும்."

"சரி. அப்ப ஒரு கேள்விக்காவது நில்லுங்க. வேனை எப்ப விடுவீங்க?"

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, உங்க தம்பிய நீங்களே கூட்டிட்டுப் போறீங்க. இதுதான் நம்ம மலைநாடு. இதை நான் எல்லா ஊர்லயும் பெருமையா சொல்றேன்."

"என்னை வெச்சா பெருமைப்படறீங்க?"

"நிச்சயமா."

"எட்வினாவ வெச்சும் படுங்களேன். அவங்க பையன் இங்கதான் நிக்கறான்."

வேட் ஸ்டிக்னி வண்டியிலிருந்து இறங்கினான். ஆறரை அடி உயரம். அடிக்கப் போகிறானோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் லோரெட்டின் கையிலிருந்த கையுறையை வாங்கிக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான்.

"அவருக்கு இது சேராது, லோரெட். நீ நில்லு எலெக்‌ஷன்ல."

"மனு போடற தேதி ஜூன்லயே போயிடுச்சுடா."

"தேதி போனா போகட்டும். அவரோட கட்சி ஓட்டுச்சீட்டுல அவர் பேரு அச்சடிச்சிருக்கும். எதிர்க் கட்சி சீட்டுல ஒரு பயலும் இல்லையே. அந்த இடம் காலி. பேனா எதுக்கு இருக்கு?"

செப்டம்பரில் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை மக்கள் ஓட்டாலேயே தேர்ந்தெடுக்கும். சீட்டில் அச்சிட்ட பெயர் பிடிக்காவிட்டால், அல்லது பெயரே இல்லாவிட்டால், வாக்காளர் தன் கையால் ஒரு பெயரை எழுதலாம். மலைநாட்டுக்காரர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. செத்துப்போன நாயின் பெயரை எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

லோரெட் வேட்டைப் பார்த்தார், பிறகு ஏவரிலைப் பார்த்தார். "எழுதறவங்க எழுதட்டும்" என்றார்.

இப்படி எழுதிப் போடும் பிரச்சாரம் நடப்பது தெரிந்ததும், எதிர்க் கட்சிச் சீட்டிலும் அவர் பெயரையே எழுதிவிடும்படி ஏவரிலின் நண்பர்கள் ஏரிக்கரை ஊர்களில் சொல்லி அனுப்பினார்கள். அதுவும் அங்கே பழைய வழக்கம். இரண்டு சீட்டிலும் ஒருவரே ஜெயித்துவிட்டால் நவம்பரில் போட்டியே இருக்காது. மக்களாட்சி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

செப்டம்பர் தேர்தல் முடிந்த மறுநாள் காலை, ஊர் மண்டபக் கதவில் கணக்கு ஒட்டப்பட்டது. டன்னிங் மில்ஸில் தேர்தலை நடத்தியவர் ஊர்க்கூட்டத் தலைவர் ஹாலிஸ் ஃபார்னம். எழுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுவதும் ஏவரிலின் கட்சி. ஊர் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், தன் மகனுக்காகக்கூட ஒரு சீட்டை அவர் தவறாக எண்ணமாட்டார் என்பது. லோரெட் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார். நேராக ஹாலிஸின் வீட்டுக்குப் போனார். ஹாலிஸ் தோட்டத்தில் பூசணி அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஹாலிஸ், உங்க குப்பையை எத்தனை வருஷமா நான் வாங்கிட்டு இருக்கேன்? என்னை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப, லோரெட் திபடோன்னு ஒருத்திக்கு இத்தனை ஓட்டுன்னு எழுதியிருக்கீங்க. அது யாரு?"

"நீ."

"அதுக்குக் கீழ, குப்பைக் கிடங்கு லோரெட்டுன்னு வேற ஒருத்திக்கு இத்தனை. அது யாரு?"

"நீதான்."

"பச்சைக் கையுறைக்கார லோரெட்?"

"அதுவும் நீதான். ஊருக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்யா என்னை மூணு துண்டா வெட்டி மூணு பொம்பளையா எண்ணி வெச்சிருக்கீங்க?"

ஹாலிஸ் கத்தியை மடக்கிப் பையில் போட்டார். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"எண்ணற மேசையில நான் உக்காந்தா எனக்குத் தெரிஞ்சதை எண்ணக் கூடாது, லோரெட். சீட்டுல இருக்கறதைத்தான் எண்ணணும். இன்னிக்கு உனக்கு ஆதரவா நான் யூகிச்சேன்னா, நாளைக்கு என் இடத்துக்கு வர்றவன் உனக்கு எதிரா யூகிப்பான். பக்கத்து ஊர்க்காரங்களும் இப்படித்தான் பண்ணியிருக்காங்க. விசாரிச்சேன்."

"அந்த யோக்கியதையாலதான் எதிர்க் கட்சி சீட்டுலயும் ஏவரில் ஜெயிச்சுட்டாரு, நான் தோத்துட்டேன்."

"கொஞ்சம் ஓட்டுலதான். மறு எண்ணிக்கை கேளு. யாரை மனசுல வெச்சு எழுதினாங்கன்னு பாத்து முடிவு சொல்ற அதிகாரம் தலைநகர்ல இருக்கு. எனக்குத்தான் இல்ல."

"என்னிக்கு வெப்பாங்க?"

"அடுத்த வியாழக்கிழமையா இருக்கும்."

"வியாழனா?" என்றார் லோரெட். வியாழன் ரேயாலின் நாள்.

"உன் தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஹாலிஸ். "ஒரு பூசணி எடுத்துட்டுப் போ."

பெரும்பாலான ஊர்களில் தான் ஆதரிப்பவருக்காகத் தப்பாக எண்ணுகிற ஆள் கிடைப்பான். தான் ஆதரிக்காதவருக்கு உரியதை அவர் கேட்டு வாங்க வழி சொல்லும் ஆள் கிடைப்பது அபூர்வம். லோரெட் அந்தப் பூசணியை வாங்கிக்கொண்டார்.

தலைநகரில் நீண்ட கூடம். நீண்ட மேசைகள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் முத்திரை வைத்த பெட்டிகளைக் காவலர்கள் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ஒருவர் சீட்டை எடுத்துக் காட்டுவார். இந்தப் பக்கம் ஏவரிலின் வழக்கறிஞர், அந்தப் பக்கம் லோரெட்டும் வேட்டும். தகராறு என்றால் சீட்டு தலைமை அதிகாரியிடம் போகும். அவர் குட்டையான ஒரு பெண்மணி. நீண்ட நாள் அரசாங்கத்தில் இருந்ததால் யார் முகத்தைப் பார்த்தும் அசையாதவர்.

ஏவரிலும் வந்திருந்தார். இடைவேளையில் காபி இயந்திரத்தின் பக்கம் லோரெட்டைப் பார்த்ததும் அன்பாகவே கேட்டார்.

"இன்னிக்கு உங்க தம்பிய யார் கூட்டிட்டுப் போறாங்க?"

"ஹாலிஸ் ஃபார்னம். உங்க கட்சிக்காரரு."

"பாத்தீங்களா? இதைத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன். நம்ம ஜனங்க கைவிட மாட்டாங்க."

"கைவிடல. இன்னிக்கு. அடுத்த மாசம் ஹாலிஸுக்குக் கண்ணுல ஆபரேஷன். அதுக்கப்புறம் பனி. ரேயாலுக்கு இது சாகற வரைக்கும் வாரம் மூணு நாளு. தப்பா நினைக்காதீங்க கவுன்சிலர், நீங்க ஊரு நெருப்பை அணைக்க நெருப்பு வண்டி வேணாம், பக்கத்து வீட்டு வாளி போதும்னு சொல்வீங்களா?"

"அது வேற விஷயம்."

"எரியறது உங்க வீடா இருந்தா வேற விஷயம்தான்."

இடைவேளைக்குப் பிறகு டன்னிங் மில்ஸ் பெட்டியைத் திறந்தார்கள். முதல் தகராறுச் சீட்டு வந்தது. பென்சிலில், குழந்தை எழுதியது போன்ற எழுத்தில்: குப்பைக் கிடங்கு லோரெட்.

வழக்கறிஞர் எழுந்தார். "இதுல குடும்பப் பேர் இல்ல. இந்த மாவட்டத்துல ஊருக்கு ஒரு குப்பைக் கிடங்கு இருக்கு. இன்னொரு கிடங்குல இன்னொரு லோரெட் இருக்க மாட்டாங்கன்னு யார் சொல்ல முடியும்?"

அதிகாரி லோரெட்டைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

"இன்னொரு லோரெட் இருந்தா தயவுசெஞ்சு அனுப்பி வைங்க" என்றார் லோரெட். "கிடங்குல உதவிக்கு ஒரு ஆள் வேணும்னு ஒவ்வொரு வருஷமும் ஊர்க்கூட்டத்துல கேக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தியும் கிடைக்கல."

பெட்டிக்குக் காவல் நின்ற காவலர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அதிகாரியின் முகம் மட்டும் மாறவில்லை. சீட்டை எடுத்து லோரெட்டின் அடுக்கில் வைத்தார். "வாக்காளரின் எண்ணம் தெளிவாக இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகு பச்சைக் கையுறைக்கார லோரெட் வந்தார், லேட்டாகத் திறக்கும் லோரெட் வந்தார். எல்லா லோரெட்டும் ஒரே அடுக்கில் போய்ச் சேர்ந்தார்கள். வெட்டிய மூன்று துண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு முழுப் பெண்ணாக எழுந்து நின்றது. வழக்கறிஞர் தன் காகிதங்களைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சியது. அதில் பெயரே இல்லை. கோட்டுக்கு வெளியே வழியும்படி நீளமாக எழுதியிருந்தது. அதிகாரி அதைச் சத்தமாகப் படித்தார்:

"கடவுள் கூப்பிடல, வேன் வரலன்னு சொன்னவங்களுக்கு."

வழக்கறிஞர் வாயைத் திறப்பதற்குள் அதிகாரியே தலையசைத்தார். "பெயர் இல்லை. இதை எண்ண முடியாது."

வேட் மேசையைப் பிடித்துக்கொண்டான். லோரெட் அவன் முழங்கையைத் தொட்டார்.

"எண்ண வேண்டாம்மா. சரிதான். ஆனா அந்தச் சீட்டை ஒரு தடவை கவுன்சிலர் கையில குடுங்க. அவர் படிக்கட்டும்."

அதிகாரி சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் உண்டா என்று யோசித்தது போலிருந்தது. சீட்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, தானே அதைப் பிடித்துக்கொண்டு ஏவரிலின் முன் நீட்டினார். ஏவரில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு வரிதான். படிக்க நெடுநேரம் ஆயிற்று. யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில்தான் எட்வினாவின் மகன் நின்றுகொண்டிருந்தான்.

அந்த ஒரு சீட்டு இல்லாமலே லோரெட் ஜெயித்தார். நவம்பர் தேர்தலில் எதிர்க் கட்சியின் வேட்பாளர் டன்னிங் மில்ஸ் குப்பைக் கிடங்கின் லோரெட் திபடோ என்று இந்த முறை அச்சிலேயே வந்தது.

நவம்பரில் அவர் தோற்றார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. மாவட்டத்தின் வாலில் ஓட்டு அதிகம், பணம் அதைவிட அதிகம். ஏவரிலின் சுவரொட்டி ஏரிக்கரை நெடுகிலும் நின்றது. லோரெட்டின் சுவரொட்டி பழைய அட்டைப் பெட்டியில் வண்ணம் பூசியது. ஆனால் கணவாய்க்கு வடக்கே ஓர் ஊர்கூட ஏவரிலுக்கு மிஞ்சவில்லை. டன்னிங் மில்ஸில் அவருக்கு விழுந்த ஓட்டு ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரும் அளவு. மாவட்டம் முழுவதிலும், முன்பெல்லாம் ஏரி அளவு இருந்த அவருடைய வித்தியாசம் வாளி அளவுக்கு வற்றியது. இன்னும் இரண்டு வருடத்தில் அடுத்த தேர்தல்.

டிசம்பரில் ஒரு புதன்கிழமை நிர்வாகக் குழு கூடியது. லோரெட் ரேயாலையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். தள்ளி வைத்திருந்த ஒரு தீர்மானத்தை மீண்டும் எடுக்க விரும்புவதாக ஏவரில் சொன்னார். சூழ்நிலை மாறியிருப்பதாகச் சொன்னார். எந்தச் சூழ்நிலை என்று சொல்லவில்லை. மற்ற நால்வரும் அவர் மாவட்டத்து விஷயம் என்று இந்த முறையும் விட்டுக்கொடுத்தார்கள். ஐந்து பேரும் சம்மதம் என்றார்கள். பாலம் ஒன்றும், சாலை உப்பு வாங்குவதும் அடுத்தடுத்து வந்தன.

"இவ்வளவுதானா?" என்று ரேயால் காதில் கிசுகிசுத்தான். "இதுக்கா ஒரு வருஷம்?"

"இவ்வளவுதான்டா."

"டிரைவர் அதே ஆளுதானா கேளு. அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டா எனக்குச் சிறுநீரகம் இல்லாதது பத்தாதுன்னு காதும் போயிடும்."

வெளியே தாழ்வாரத்தில் ஏவரில் அவர்களிடம் வந்தார். ரேயாலின் கையைக் குலுக்கினார். பிறகு லோரெட்டிடம் திரும்பினார்.

"நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அண்டை வீட்டார் பத்தி நான் நம்பறதை இன்னும் நம்பறேன்."

"மனசு உங்களோடது, நீங்களே வெச்சுக்குங்க" என்றார் லோரெட். "வேன் எங்களோடது."

மனம் மாறும்வரை காத்திருந்திருந்தால் எட்வினாவின் பக்கத்துக் குழியில் ரேயாலும் படுத்திருப்பான். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இரக்கம் வந்தால் நல்லது. வராவிட்டாலும் அவர்கள் எழுந்து நின்று கை தூக்கும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. அது வாக்குச்சீட்டின் பின்னால் நிற்கும் பயம். அந்தப் பயத்தை ஒரு மாவட்டத்தின் பாதி தூரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், பள்ளியில் முட்டி போட வைக்கப்பட்ட ஒரு பெண்.

ஜனவரியில் முதல் சனிக்கிழமை. விடியும் நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. அதே வெள்ளை வேன், அதே துரு. ரேயால் ஒரு காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக் கத்தினான். வேன் கதவைத் திறந்ததும் பாட்டுச் சத்தம் தெருவரை வந்தது. "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே ஏறினான்.

லோரெட் கிடங்குக்குப் போனார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சரியான நேரத்தில் கதவைத் திறந்தார். கையுறையை ஆணியில் மாட்டினார். தொட்டிகளின் மேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டார். ஒரு வண்டிகூட இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து காபியை ஊற்றிக்கொண்டார். அப்போதும் யாரும் வரவில்லை. ஊரே தாமதத்துக்குப் பழகிப்போயிருந்தது.

வெகுநேரம் கழித்து ஹாலிஸ் ஃபார்னம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆபரேஷன் ஆன கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. திறந்திருந்த கதவைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, நம்பாதவர் போல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம் திறந்துட்டே?"

"வேன் வந்துடுச்சு, ஹாலிஸ்" என்றார் லோரெட்.